அண்ணாச்சிக்கு ஒட்டிய கறுப்பு வெள்ளை போஸ்டர்

உயிரோடு இருக்கிற மனிதர் ஒருவருக்குத் துட்டி கேட்க ஊரையே திரட்டிய பெருமை எனக்கு உண்டு. துட்டி என்றால் எங்கள் பக்கம் சாவு. சாவு வீட்டுக்குப் போய்த் தலையைக் காட்டிவிட்டு வருவது துட்டி கேட்பது. சங்கரன்கோவிலில் என்னைத் தெரிந்தவர்கள் இன்றைக்கும் டீக்கடையில் பார்த்தால், "அடுத்த போஸ்டர் யாருக்குவே?" என்று கேட்கிறார்கள். "ஒமக்குத்தான், போட்டோ கொண்டாரும்" என்று நானும் சொல்லிப் பழகிவிட்டேன். ஆரம்பத்தில் கோபம் வந்தது. இப்போது வருவதில்லை.

அண்ணாச்சி என்று நான் சொல்வது என்னைவிட இரண்டு வயது மூத்த ஒரு கால்பந்துக்காரரை. அவர் இடது ஓரத்தில் ஓடுவார். நான் பின்னால் நின்று வருகிற பந்தையும் வருகிற காலையும் பாகுபாடு பார்க்காமல் உதைப்பேன். ஒரே அணியில் இருந்ததால் அவர் தப்பித்தார். ராஜபாளையம் பக்கம் ஒரு பஞ்சாலை தன் அணிக்காக அவரை எடுத்துக்கொண்டது. மில்லில் பேருக்கு ஒரு வேலை, சாயங்காலமானால் மைதானம். ஒரு பருவம் மாநில அணிக்கும் ஆடினார். அப்புறம் முழங்கால் போனது, சில வருஷத்தில் மில்லும் போனது. ஊருக்குத் திரும்பி, பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடையில் மல்லிகையும் பிச்சியும் நிறுத்துக் கொடுக்கிற வேலையில் உட்கார்ந்தார். அதைப் பற்றி அவர் ஒரு நாளும் வருத்தப்பட்டு நான் கேட்டதில்லை. வருத்தப்பட்டதெல்லாம் நான்தான். தாலுகா ஆபீஸில் உட்கார்ந்துகொண்டு, அப்படி ஓடின மனுஷன் தராசு பிடிக்கிறாரே என்று போவோர் வருவோரிடமெல்லாம் புலம்புவேன்.

மறதி வந்து மூன்று வருஷம் ஆகிறது. முதலில் நிறுத்த பூவையே மறுபடியும் நிறுத்தார். கடைக்காரர் நல்லவர். வயசாகிவிட்டது, வீட்டில் இருங்கள் என்று மரியாதையாக அனுப்பிவைத்தார். பிறகு தெருவின் பெயர் மறந்தது, என் பெயரும் மறந்தது. என்னை எப்போதும் "ஏலே" என்றுதான் கூப்பிடுவார் என்பதால், என் பெயர் போன விஷயம் எனக்குத் தெரியவே நாலு மாசம் ஆயிற்று.

திருநெல்வேலியில் பார்த்த டாக்டர், இது கூடுமே தவிரக் குறையாது, பொறுமையாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினார். மதினி, அதாவது அண்ணாச்சியின் மனைவி, அன்றோடு வாயை மூடிக்கொண்டாள். யார் கேட்டாலும் சுகர், கால்வலி, வெளியே வருவதில்லை என்று மூன்றே பதில். அவரைப் பைத்தியம் என்று ஊர் சொல்லிவிடக் கூடாது, அவளுக்கு அது ஒன்றுதான் குறி. அவளை நான் குறை சொல்ல மாட்டேன். எங்கள் ஊர் வாய் எனக்குத் தெரியும். அதில் பாதி வாய் என்னுடையது.

ஆனால் அந்த மறைப்பு ஒரு நாள் எங்களை உயிரோடு கொன்றது. போன வருஷம் மதினி குளித்துவிட்டு வருவதற்குள் அவர் கிளம்பிப் போய்விட்டார். பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் வணக்கம் சொல்லியிருக்கிறார்கள். பதிலுக்குக் கும்பிட்டுவிட்டு டீ குடித்திருக்கிறார். சிவகிரி பஸ்ஸில் ஏறியிருக்கிறார். கண்டக்டர் தெரிந்தவர், டிக்கெட்கூடக் கேட்கவில்லை. வழியில் பார்த்த அத்தனை பேரும் அவரைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள், அவரும் சிரித்திருக்கிறார். ஒருத்தருக்கும் எதுவும் வித்தியாசமாகத் தோன்றவில்லை. விஷயம் தெரிந்தால்தானே தோன்றும். அந்தக் கண்டக்டரைத் தேடிப் பிடித்து விசாரித்து நாங்கள் போய்ச் சேர்ந்தபோது சாயங்காலம். சிவகிரிக்கு வெளியே ஒரு வாய்க்கால் பாலத்தில், செருப்பில்லாமல், உதடெல்லாம் வெடித்துப்போய் உட்கார்ந்திருந்தார். அதிலிருந்து வாசல் கதவுக்கு உள்பக்கமாகப் பூட்டு. பூட்டைக் கண்டால் அவருக்கு ஆத்திரம் வரும். ஒரு தடவை அவர் கதவை இழுக்க, மதினி அவரை இழுக்க, கீழே விழுந்து அவளுக்கு மணிக்கட்டு முறிந்தது.

மகனுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. கெட்டவன் இல்லை. வீட்டு வாடகை, மருந்து எல்லாம் அவன் அனுப்புவதுதான். கோயம்புத்தூர் பக்கம் இந்த மாதிரி ஆட்களைப் பார்த்துக்கொள்கிற ஓர் இல்லத்தில் முன்பணம் கட்டிவிட்டான். மாசக் கடைசியில் வந்து அப்பாவை அங்கே சேர்ப்பது, அம்மாவைத் தன்னோடு பெங்களூருக்குக் கூட்டிப்போவது என்று முடிவு. அம்மாவுக்கு இன்னொரு கை முறியும்வரை காத்திருக்கச் சொல்கிறீர்களா என்று என்னிடமே கேட்டான்.

அன்று மத்தியானம் மதினி போன் பண்ணினாள். அவளாக எனக்குப் போன் பண்ணியது அதுதான் முதல் தடவை.

"தம்பி, நாப்பது வருசம் கூட இருந்துட்டு, அவுகள ஊர் பேர் தெரியாத எடத்துல கொண்டு விட்டுட்டு நான் எப்படி சோறு திங்க?"

மகனிடம் நான் பேசிப் பார்த்தேன். பகலில் கூட இருக்க வலுவான ஆம்பளை ஆள் ஒருவர் கிடைத்து, அவருக்கு ஒரு வருஷத்துக்காவது சம்பளம் கொடுக்க வழியும் இருந்தால் யோசிக்கிறேன் என்றான். அவன் சம்பளத்தில் அதற்கு மேல் இடமில்லை. அண்ணாச்சிக்கோ பென்ஷன் கிடையாது. சரி, நாங்கள் பழைய ஆட்டக்காரர்கள் சேர்ந்து ஒரு காட்சிப் போட்டி நடத்தித் திரட்டித் தருகிறோம் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். மாசக் கடைசிக்கு மூன்று வாரம் இருந்தது.

புளியங்குடியில் எலுமிச்சை வியாபாரம் செய்கிற எங்கள் பழைய கோல்கீப்பர் முதல் ஆளாகச் சரி என்றார். ஐம்பது தாண்டியவர்கள் ஒரு பக்கம், கல்லூரிப் பையன்கள் ஒரு பக்கம். மதினி மட்டும் இரண்டு நிபந்தனை போட்டாள். நோயைப் பற்றி எங்கேயும் ஒரு வரி இருக்கக் கூடாது. வீட்டுக்கு ஒருவரும் வரக் கூடாது. நான் சம்மதித்தேன்.

போஸ்டர் வாசகத்தை நானே எழுதினேன். முப்பது வருஷம் அரசாங்கத்துக்குக் கடிதம் எழுதியவன், ஒரு போஸ்டர் எழுத மாட்டேனா என்கிற திமிர். மேலே, 'நம் ஊரின் ஈடு இணையற்ற ஆட்டக்காரர்'. நடுவில் அண்ணாச்சியின் படம். அவர் பனியன் போட்டு நிற்கிற நல்ல படம் என்று இருந்தது மில் அணியில் சேர்ந்தபோது எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றுதான். அதன் கீழே பெயர். பெயருக்குக் கீழே அவர் ஆட ஆரம்பித்த வருஷம், ஒரு கோடு, நிறுத்திய வருஷம். நோயைச் சொல்லக் கூடாது என்பதால், 'அன்னாரது குடும்ப நலனுக்காக' என்று மிக நாசூக்காக ஒரு வரி சேர்த்தேன். அடியில் சின்ன எழுத்தில் போட்டி விவரம், ஞாயிறு மாலை நான்கு மணி, தொடர்புக்கு என் செல் நம்பர்.

அச்சகக்காரர் கலரில் போடலாமே என்றார். படமே கறுப்பு வெள்ளை, இதில் கலருக்கு என்ன தண்டச் செலவு என்று நான் அவரை அடக்கிவிட்டேன். அவரும் சரி என்று, ஓரத்தில் பூ வைத்த பார்டர் ஒன்று சும்மாதான் இருக்கிறது, அழகாக இருக்கும் என்று அன்போடு சேர்த்துக் கொடுத்தார்.

எங்கள் ஊரில் போஸ்டர் ஒட்டுகிறவருக்கு ஒரு வேலை முறை உண்டு. அது எனக்கு அப்போது தெரியாது. அவர் வாசகம் படிப்பதில்லை. இருநூறு போஸ்டரையும் படித்துக்கொண்டிருந்தால் பசை காய்ந்துவிடும். கலர் என்றால் சினிமாவோ கட்சியோ கல்யாணமோ, அதற்கு வேறு சுவர்கள். கறுப்பு வெள்ளை என்றால் துட்டி. அதற்குப் பஸ் ஸ்டாண்டில் ஒரு சுவர், ஆள் வேலை பார்த்த இடத்தில் ஒன்று, ஆள் குடியிருந்த தெருமுனையில் இரண்டு. அண்ணாச்சி வீட்டை அவருக்கு நன்றாகத் தெரியும். வியாழக்கிழமை விடியுமுன்னே, கண் கலங்கிக்கொண்டேதான் ஒட்டினாராம்.

காலை ஏழு மணிக்கு நான் முகச்சவரம் செய்துகொண்டிருந்தபோது புளியங்குடி கோல்கீப்பர் கூப்பிட்டார்.

"எப்ப எடுக்காவ?"

எதை என்று கேட்டேன். அண்ணாச்சியைத்தான் என்றார். பிரேதத்தை எடுக்கிற நேரத்தைக் கேட்கிறார் என்று புரிந்ததும் ரேசரைக் கீழே வைத்தேன். யார் சொன்னது என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை. ராத்திரியில் போய்விட்டார், மதினிக்கு என்னைக் கூப்பிடக்கூட முடியவில்லை என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். பாதிச் சவரத்தோடு சைக்கிளை எடுத்தேன். வழியெல்லாம் ஒரே எண்ணம்தான். இத்தனை நாளை வீணடித்துவிட்டோமே, கடைசி நாட்களில் அந்த மனுஷனைப் பூட்டு போட்டு வைத்திருந்தோமே.

தெருமுனையில் இருபது முப்பது பேர் நின்றிருந்தார்கள். பந்தல்காரர் தானாகவே ஒரு வண்டி நிறைய நாற்காலி கொண்டுவந்து இறக்கிக்கொண்டிருந்தார். சுவரில் அண்ணாச்சி படத்தோடு அஞ்சலி போஸ்டர். அதற்குள் யார் இவ்வளவு சுறுசுறுப்பாக அச்சடித்தது என்று நினைத்துக்கொண்டே கிட்டே போனேன். 'ஈடு இணையற்ற ஆட்டக்காரர்' என்று இருந்தது. நல்ல வாசகம், யாரோ விஷயம் தெரிந்தவன் எழுதியிருக்கிறான் என்றுகூட ஒரு நொடி தோன்றியது. அப்புறம்தான் அடியில் என் செல் நம்பரைப் பார்த்தேன்.

எழுதியவனே ஏமாந்தேன் என்றால் படித்தவர்களை என்ன சொல்ல. பூ பார்டர், இரண்டு வருஷம், நடுவில் கோடு, அன்னாரது குடும்ப நலன். சாவைத் தவிர வேறு எதையும் அது சொல்லவில்லை. போட்டி விவரம் எல்லாம் எழுதித்தான் இருந்தது, அதை யார் படித்தார்கள் என்று நான் பிற்பாடு பலரிடம் சண்டை போட்டிருக்கிறேன். அந்த நேரத்தில் சண்டை போடத் தெம்பில்லை. ஓடினேன்.

நான் போய்ச் சேர்வதற்குள் கூட்டம் வாசலுக்குப் போய்விட்டது. தேரடியில் பூ கட்டி விற்கிற அம்மா, மார்க்கெட்டில் அண்ணாச்சியிடம் இருபது வருஷம் பூ வாங்கியவர், கதவு திறக்குமுன்னே மாரில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார். மதினி பால்காரர் என்று நினைத்துப் பூட்டைத் திறந்திருக்கிறாள். எதிரே அழுகிற கூட்டம், நாற்காலி, ஆளுயர மாலை. என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறக்குமுன்னே அவள் திரும்பி வீட்டுக்குள் ஓடினாள். அவளுக்கும் அந்தச் சந்தேகம் வந்துவிட்டது. சமையலறையில் அவரை விட்டுவிட்டு வந்து ஒரு நிமிஷம்தான் ஆகிறது, அதற்குள் ஏதோ நடந்து ஊருக்கெல்லாம் தெரிந்து தனக்கு மட்டும் தெரியவில்லை என்று நினைத்துவிட்டாள்.

அண்ணாச்சி இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

மதினி அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். சத்தம் கேட்டு அவரே எழுந்து வாசலுக்கு வந்தார், கையில் சட்னியோடு. பூக்கார அம்மாவின் அழுகை பாதியில் நின்றது. பூ மார்க்கெட்காரர்கள் நாலு பேர் தூக்கி வந்த ரோஜா மாலையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்கள். அண்ணாச்சி கூட்டத்தைப் பார்த்தார், மாலையைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. ஒரு படி இறங்கி வந்து, ஜெயித்த அணியில் முதல் ஆளாக நிற்கிறவர் போலக் கழுத்தைக் குனிந்து கொடுத்தார்.

பிணத்துக்குக் கட்டின மாலையை உயிரோடு இருப்பவர் கழுத்தில் எப்படிப் போடுவது. மாலைக்காரர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். உள்ளேயிருந்து மதினி எழுந்து வந்து அவர் பின்னால் நின்றாள்.

"போடுங்க. அவுகளுக்குத்தான கொண்டாந்திய."

போட்டார்கள். அண்ணாச்சி நிமிர்ந்து, எத்தனைக்கு எத்தனை என்று கேட்டார். மூன்றுக்கு ஒன்று என்று யாரோ சொன்னார்கள். நம்மதானே என்றார். நம்மதான் அண்ணாச்சி என்று பத்துப் பேர் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

அதற்குப் பிறகு மறைக்க ஒன்றும் மிச்சமில்லை. வாசல் படியில் நின்று மதினியே எல்லாவற்றையும் சொன்னாள். சுகர் இல்லை, கால்வலி இல்லை, மறதி நோய், சிவகிரி வரைக்கும் போனது, கை முறிந்தது, மாசக் கடைசியில் கொண்டுபோக இருப்பது. கூட்டத்தில் ஒருவர்கூடப் பைத்தியம் என்று சொல்லவில்லை. இப்படிப் பொய்த்துட்டி கேட்டால் ஆயுசு கூடும் என்று பெரியவர் ஒருவர் சொல்ல, எல்லாருக்கும் அது பிடித்துப்போனது. பந்தல்காரர் இறக்கின நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்தார்கள். துட்டி கேட்டுவிட்டுப் போனால் குளிக்காமல் வீட்டுக்குள் நுழையக் கூடாது. ஆள் உயிரோடு இருந்தால் குளிக்க வேண்டுமா வேண்டாமா என்று ஒரு பெரிய தர்க்கம் நடந்தது. வேண்டாம் என்று தீர்ப்பானது. ஒருவர் மட்டும் எதற்கும் இருக்கட்டும் என்று தெருக்குழாயில் காலை நனைத்துக்கொண்டு போனார்.

எல்லாரும் போன பிறகு மதினியிடம் திட்டு வாங்கத் தயாராக நின்றேன். இத்தனை வருஷமாகப் பொத்திப் பொத்தி வைத்ததை ஒரே காகிதத்தில் திறந்து விட்டுவிட்டீர்களே என்று ஆரம்பித்தாள். அவ்வளவுதான், மேலே திட்டவில்லை. "மூச்சு விட முடியுது தம்பி" என்றாள்.

இந்தக் களேபரத்தில் மகனுக்குச் சொல்ல வேண்டும் என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. யாரோ போஸ்டரைப் படம் பிடித்து வாட்ஸப் குழுவில் போட, காலையிலேயே ஆழ்ந்த இரங்கல்கள் அவனுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. மதினியின் போன் உள்ளே சார்ஜில் கிடந்தது. என் நம்பரில் துட்டி விசாரிக்கிறவர்கள் ஓயவில்லை, அவனுக்கு லைன் கிடைக்கவில்லை. காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். மதுரை தாண்டிய பிறகுதான் மதினி போனை எடுத்து, அப்பா சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறார் என்று சொன்னாளாம்.

அவன் வந்து சேர்ந்தபோது நானும் அங்கே இருந்தேன். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. அண்ணாச்சி கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மகனை அடையாளம் தெரியவில்லை. ஆனால் அழுத முகம் என்பது தெரிந்தது. பக்கத்தில் உட்காரச் சொல்லித் தோளில் கை வைத்தார்.

"யாருப்பா தவறிட்டா?"

"யாருமில்லப்பா. எல்லாரும் இருக்காவ."

அப்படியானால் சரி என்று தலையாட்டிவிட்டு, சாப்பிட்டுவிட்டுப் போ என்றார். அவன் வெளியே வந்து, திருமங்கலத்தில் காரை ஓரமாக நிறுத்திவிட்டு அரை மணி நேரம் அழுததாகச் சொன்னான். ஆனாலும் முடிவில் மாறவில்லை. ஆள் போட்டாலும் அந்த ஆள் கண்ணசருகிற நேரத்தில் அப்பா வெளியே போய்விட்டால் இந்த ஊரில் யார் பார்ப்பார்கள் என்று கேட்டான். சிவகிரிக் கதை அவனுக்கும் தெரியும். ஞாயிற்றுக்கிழமைவரை இருந்துவிட்டுப் போ என்று மட்டும் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் நான் எதிர்பார்த்ததைப் போல மூன்று மடங்கு கூட்டம். பாதிப் பேர் செத்துப் பிழைத்தவரைப் பார்க்க வந்தவர்கள் என்பது எனக்குத் தெரியும். அதைப் பற்றி எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. பூ மார்க்கெட், தறி வைத்திருப்பவர்கள், புளியங்குடி எலுமிச்சைக்காரர்கள் என்று ஆளாளுக்குக் கொடுத்ததில் பாதி ஆட்டம் முடிவதற்குள்ளேயே ஒரு வருஷச் சம்பளத்துக்குப் போதுமானது சேர்ந்துவிட்டது. வேலைக்கு வர ஆளும் தயார். குருவிகுளம் பக்கத்தில் ஆடு மேய்த்தவர், நாற்பது வயது, திடமான ஆள். திங்கட்கிழமையிலிருந்து வருவதாகச் சொல்லியிருந்தார். இனி மகனின் கேள்வி ஒன்றுதான் பாக்கி.

அண்ணாச்சியை முன்வரிசையில் உட்கார வைத்திருந்தோம். ஒரு பக்கம் மதினி, மறுபக்கம் மகன். ஒரு தடவை பந்து உருண்டு வந்து சரியாக அவர் காலடியில் நின்றது. மைதானமே மூச்சைப் பிடித்துக்கொண்டது. சினிமாவாக இருந்தால் எழுந்து உதைத்திருப்பார். அண்ணாச்சி பந்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, கையிலிருந்த கடலையை உரித்துக்கொண்டிருந்தார். கல்லூரிப் பையன் வந்து எடுத்துக்கொண்டு போனான்.

மைக் என் கையில் இருந்தது, அதுதான் வினை. இரண்டாம் பாதியில் எங்கள் ஆட்களுக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. அறுபது வயதுக்காரர் ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டுவது போல நிக்கரை இழுத்துவிட்டுக்கொண்டு உதைக்கப் போக, நான் மைக்கில் கத்த, கூட்டம் மொத்தமும் எழுந்து நின்றுவிட்டது. மதினியும் மகனும்கூட எழுந்துவிட்டார்கள். பந்து கம்பத்துக்கு வெளியே போனது. எல்லாரும் உட்கார்ந்தபோது நடு நாற்காலி காலியாக இருந்தது.

மகன் என்னைப் பார்த்தான். பார்த்தீர்களா என்று அவன் வாயால் கேட்கவில்லை. ஆட்டம் நின்றது, ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள். அவன் காரை எடுக்கப் போனான். மைதானத்துக்கு வெளியே மூன்று ரோடு பிரிகிறது. எந்த ரோட்டில் தேட. மதினி மட்டும் ஓடவில்லை, நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எல்லாம் முடிந்தது, இவனே இன்றைக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவான் என்று எனக்குத் தோன்றியது. என் மேலேயே எனக்கு அப்படி ஓர் ஆத்திரம்.

என் போன் அடித்தது. தெரியாத நம்பர். ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து ஒருவர், அண்ணாச்சி தனியாகக் கடந்து போகிறார், நம்ம ஆள் ஒருவரைப் பின்னாலேயே அனுப்பியிருக்கிறேன், பதற வேண்டாம் என்றார். நம்பர் எப்படிக் கிடைத்தது என்றேன். எதிர்ச்சுவரில் இருக்கிற போஸ்டரைப் பார்த்துத்தான் அடிப்பதாகச் சொன்னார். அதை வைக்குமுன்னே இன்னொரு அழைப்பு, டீக்கடைக்காரர், அதே சேதி. மூன்றாவதாகத் தேரடிப் பூக்கார அம்மா, வியாழக்கிழமை மாரில் அடித்துக்கொண்டு அழுதவர்.

"அண்ணாச்சி இங்கன எங்கிட்டதான் இருக்காவ. பூ கட்டுறதப் பாத்துக்கிட்டு இருக்காவ. தண்ணி குடுத்துருக்கேன். பதறாம பைய வாங்க."

நான் போனை அப்படியே மகனிடம் கொடுத்துவிட்டேன். அவன் அந்த அம்மா சொல்வதைக் கேட்டுக்கொண்டே நின்றான். நாங்கள் போக வேண்டிய வேலையும் இருக்கவில்லை. கால் மணி நேரத்தில் ஆட்டோ மைதானத்துக்கே வந்துவிட்டது. உள்ளே அண்ணாச்சி, மடியில் ஒரு பொட்டலம் பிச்சிப்பூ. ஆட்டோக்காரர் காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார்.

மகன் அந்த மூன்று நம்பரையும் தன் போனில் குறித்துக்கொண்டான்.

"இத்தனை பேருக்கும் அப்பாவப் பத்தித் தெரியுமா சித்தப்பா?"

"வியாழக்கிழமையில இருந்து தெரியும்" என்றேன்.

அவன் கொஞ்சம் தள்ளிப் போய் நின்று யாருக்கோ பேசினான். பேச்சில் இல்லம் என்றும் முன்பணம் என்றும் இரண்டு சொல் காதில் விழுந்தன. இல்லை, வரவில்லை, வேறு யாருக்காவது அந்த இடத்தைக் கொடுங்கள் என்று சொல்லி முடித்தான். திரும்பி வந்து அம்மாவிடம், அப்பா இங்கேயே இருக்கட்டும் என்றான். அதை மெதுவாகத்தான் சொன்னான். ஆனால் மதினிக்குக் கேட்டது. நாலு நாளாக, ஏன் இத்தனை வருஷமாக, என் கண் முன்னால் அழாதவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. மைக் இன்னும் அணைக்காமல் கையில் இருந்ததால் நான் மூக்கை உறிஞ்சியது மைதானம் முழுக்கக் கேட்டது. கேட்டால் கேட்டுக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

அண்ணாச்சி ஆட்டோவிலிருந்து இறங்கவில்லை. மதினி கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். போவோமா என்றாள். எங்கே என்று கேட்டார். வீட்டுக்கு என்றாள். அவர் கொஞ்சம் யோசித்தார்.

"யார் வீட்டுக்கு?"

"நம்ம வீட்டுக்குத்தாங்க. அங்கனதான் இருக்கப் போறோம்."